அண்ணி பிடித்த கை

இருமுகிறவனைக் கண்டால் ஊரில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் அண்ணி ஒருத்திதான் இருமு, இன்னும் கொஞ்சம் இருமு என்று ஆளைப் பிடுங்கி எடுப்பாள். அவள் வேலை அப்படி. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டில் நர்ஸ். விலாவில் குழாய் போட்டுக்கொண்டு கிடக்கிற நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் இருமலம்மா. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர் இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு விரல் பருமனில் ஒரு குழாயைச் செருகி வைத்திருக்கும்போது இருமச் சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அவள் ஒரு தலையணையை அவர்கள் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். "திட்டிக்கிட்டே இருமுங்க, பரவாயில்ல" என்பாள்.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டாம். அங்கே நீரோ, காற்றோ, சீழோ சேர்ந்தால் நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கிப்போகும். அதை வடிக்கத்தான் குழாய். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருக்கும். உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. அதற்குத்தான் அந்தத் தண்ணீர். நோயாளி மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் குழாயில் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் ஒன்று, குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. இல்லையென்றால் நுரையீரல் நன்றாக விரிந்து குழாய்க்கு வேலை முடிந்துவிட்டது. எது என்று கண்டுபிடிக்க, மார்பிலிருந்து பாட்டில் வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வர வேண்டும். தையல்காரியான எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது இதுதான். சீழ் எந்த நிறத்தில் வந்தது என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நானும் அண்ணனும் இரண்டாவது முறை போட்டுக்கொண்டு சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது, நான் ஏற்கெனவே புகுந்த வீட்டோடு ஒத்துவராமல் திரும்பி வந்து, முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அளவு பிடிப்பது, விடுவது, ஜிப் மாற்றுவது என் தொழில். வாழாவெட்டி நாத்தனார் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு வர எந்தப் பெண்ணும் யோசிப்பாள். இவள் யோசிக்கவில்லை. வந்த முதல் வாரமே என் பின்னால் வந்து நின்று, "இப்படிக் கூன் போட்டு உக்காந்தா நெஞ்சு எப்படி விரியும்? நிமிரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாகூட என்னை அப்படி அதட்டியதில்லை. நான் வேண்டுமென்றே இன்னும் குனிந்து தைத்தேன். கொஞ்ச நாளில் முதுகுவலி தானாகவே என்னை நிமிர்த்திவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று பயம்.

கொஞ்சிப் பேச அவளுக்கு வராது. கழுவிக் கழுவி வெடித்துப்போன கைகள். நடந்தால் தரை அதிரும். வீட்டில் யாராவது தூங்கினால் போகிற போக்கில் நின்று மூச்சை எண்ணிவிட்டுப் போவாள், அது அவளுக்கே தெரியாது. அண்ணன் அவளுக்கு வார்டு என்று பெயர் வைத்திருந்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டால், "வார்டு வந்தாச்சு, காலை மடக்கி உக்காரு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். அவளிடம் எதையாவது கேட்பதென்றால் எங்கள் இருவருக்கும் தயக்கம். கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள், ஏன் கூடாது என்பதற்குக் காரணத்தை வரிசையாக அடுக்குவாள். அதைக் கேட்பதற்கு அந்தப் பொருளே வேண்டாம் என்று இருந்துவிடலாம்.

அண்ணன் கூரை போடுகிறவன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அளந்து, அறுத்து, ஏணியில் ஏறி மாட்டுவான். சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பான். அண்ணி அவனை அப்படியே நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, அதைத் தனி வாளியில் நனைப்பாள். மூக்குக்குக் கட்டிக்கொள்ள மாஸ்க் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வருவான். "உங்களுக்கு மூக்கு கழுத்துலயா இருக்கு?" என்பாள். அவன் சிரிப்பான். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியும் நான் கேட்டதில்லை. களைத்துப்போன இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே சண்டை இல்லாமல் இருந்தார்கள், அதுவே பெரிய விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வாய்த்ததைப் பார்க்கும்போது அது பெரிய விஷயம்தான்.

பிறகு அண்ணனுக்கு மாடிப்படியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசாகுது என்று சொல்லிக்கொண்டான். ஒரு நாள் சமையலறையில் தண்ணீர் குடிக்க நின்றவனை அண்ணி அப்படியே திருப்பி நிறுத்தி, முதுகில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தாள். மேலே காலிப் பானையைத் தட்டினது போல இருந்தது. இடது பக்கம் பாதிக்குக் கீழே சத்தம் மாறி, நிறைந்த பானையைத் தட்டினது போல ஆயிற்று. அவள் அங்கேயே மறுபடி தட்டினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "சட்டையை மாத்துங்க, போகலாம்" என்றாள். நான் மாற்றுச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். 

நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடி கோத்துக்கொண்டது. சதையில் கொஞ்சம் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஷீட்டை அறுக்கும்போது பறந்த தூசு எத்தனையோ வருஷம் உள்ளே சும்மா கிடந்துவிட்டு, இப்போது நுரையீரலைப் போர்த்தியிருக்கிற தோலில் புற்றாக முளைத்திருக்கிறதாம். நெஞ்சு டாக்டர் நிதானமான மனிதர், எதையும் பூசி மெழுகவில்லை.

"குணமாக்க முடியாது. ஆனா மூச்சுத் திணறாம வெச்சுக்கலாம். ட்யூப் போட்டு நீரை வடிப்போம். வடியறது குறைஞ்சு, நுரையீரலும் விரிஞ்சிருந்தா, உள்ள ஒரு பவுடர் போடுவோம். அது நுரையீரலை விலாவோட ஒட்ட வெச்சிடும். அப்புறம் நீர் கோக்க இடமே இருக்காது. ட்யூபை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம். சில மாசமாவது நிம்மதியா இருப்பார்."

அந்தச் சில மாதங்கள்தான் எங்களுக்கு மிச்சம். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

அவளுடைய வார்டிலேயே அவனுக்குக் கட்டில் கிடைத்தது. சொந்தக்காரர்களை நர்ஸ் தானே கவனிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். தலைமை நர்ஸ், அண்ணியைவிட மூத்தவள், அவளைக் கூப்பிட்டுத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள். "இந்தக் கட்டில்கிட்ட வந்தா நீ அவர் பொண்டாட்டி. ட்யூபைத் தொடக் கூடாது, பாட்டிலைக் குனிஞ்சு பாக்கக் கூடாது. அதுக்கு வேற ஆள் போட்டிருக்கேன். உனக்குக் கண்ணு கலங்கி இருக்கும்மா, அந்தக் கண்ணால பாத்தா சரியா தெரியாது." அண்ணி வாக்குக் கொடுத்தாள். அண்ணனின் கட்டிலுக்குப் பொறுப்பு சின்ன நர்ஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெண். அண்ணியிடம் வேலை பழகியவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள்.

அண்ணி டியூட்டி முடிந்ததும் யூனிபாரத்தைக் கழற்றிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, வெளியிலிருந்து வருகிற மனைவிகள் போலவே கையில் பையோடு வருவாள். முதல் நாள் அவளுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. அந்த வார்டில் அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. கட்டிலின் இடது பக்கம் குழாய், பாட்டில். அந்தப் பக்கமாகவே அவள் கால் போயிற்று, பழக்கம்.

அப்போதுதான் அண்ணன் வலது கையை நீட்டினான்.

"இங்க வா, இந்தப் பக்கம் உக்காரு" என்றான்.

அவள் சுற்றி வந்து உட்கார்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது, நானும் ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருக்கிறேன், அவன் விடவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த வயதில், அந்த முகத்தில், வெட்கம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாளும் அவள் வந்ததும் கை நீண்டது. அதற்கு அடுத்த நாளும். "என்ன, நோய் வந்ததும் மாப்பிள்ளை ஆயிட்டியா?" என்று நான் அவனைக் கிண்டல் செய்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு வந்தாள். "உங்க அண்ணன் கை எவ்வளவு சொரசொரன்னு இருக்கு தெரியுமா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியே பார்த்துக்கொண்டேன். சாகப் போகிற புருஷன் பக்கத்தில் ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாளே என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாட்டிலில் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியில் வேளைக்கு வேளை நீர் நிற்கிற மட்டத்தில் கோடு போடுவார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி குறைந்தால் வடிவது குறைகிறது என்று அர்த்தம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் வருஷக்கணக்காக அடிபட்ட சங்கதி இது. "அந்த ஜன்னல் ஓரத்துக்காரருக்குக் கோடு நெருங்கவே மாட்டேங்குது, பாவம், கோடு நெருங்கினா வீட்டுக்கு விட்டுடுவாங்க" என்று அண்ணி புலம்பாத வாரம் கிடையாது. அண்ணனுக்குக் கோடு நெருங்கியது. சின்ன நர்ஸ் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுக்கச் சொல்லிப் பார்ப்பாள். தண்ணீர் ஏறி இறங்கும். அவள் திருப்தியாகக் கோடு போட்டுவிட்டுப் போவாள். டாக்டரும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, வேகமா குறையுது. எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துட்டு பவுடர் போட்டுடலாம்" என்றார். அன்று அண்ணி வீட்டில் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். முதுகைச் சாய்த்து உட்கார நாற்காலிக் கை உயரத்துக்குத் தலையணை அடுக்கிப் பார்த்தாள். என்னிடம் உறைகள் தைக்கச் சொன்னாள். இரண்டு பேரும் உற்சாகமாகவே இருந்தோம்.

மறுநாள் மதியம் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போகச் சக்கர நாற்காலி வந்து நின்றது. அண்ணி வழக்கம்போல வலது பக்கம், அவன் கையில் கை. நான் கால்மாட்டில்.

"எக்ஸ்ரே எதுக்கு?" என்றான் அண்ணன். மூச்சு வாங்கினான். "கோடுதான்," மறுபடி வாங்கினான். "நெருங்கிடுச்சே."

சின்னப் பேச்சு, அதை அவனால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை. அண்ணிக்கு உறைத்தது. அவள் முகத்திலிருந்த மனைவி போய், வார்டு வந்துவிட்டது. அவன் மூக்கைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், கழுத்துக் குழி உள்ளே இழுப்பதைப் பார்த்தாள். பிடித்த கையை விடாமலே, மற்றக் கையால் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அவனுடைய இடது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. கைக்குள் குழாய். இரண்டாக மடக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான். காற்று அடிக்கிறபோது கூரை மேல் நின்று ஷீட்டைப் பறக்காமல் பிடிக்கிற கட்டைவிரல் அது.

"விடுங்க" என்றாள்.

அவன் விடவில்லை. அவள் தன் கையை அவன் வலது கையிலிருந்து உருவிக்கொண்டு, அந்தப் பக்கம் போய், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழாயில் மடித்த இடம் வெளுத்துப்போயிருந்தது. ஓர் இடம் மட்டும் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் பல இடங்கள். குழாய்க்குள் நின்றிருந்த நீர் கொஞ்சம் நகர்ந்து, நின்றுவிட்டது. பாட்டிலில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உள்ளே தங்கிய நீர் உறைந்து குழாயை அடைத்திருந்தது.

சின்ன நர்ஸ் ஓடி வந்தாள். முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நான் ஒவ்வொரு தடவையும் பாத்தேன். தண்ணி ஆடுச்சு. சத்தியமா ஆடுச்சு."

"நீ பாக்கும்போது விட்டிருப்பாரு" என்றாள் அண்ணி, அவனைப் பார்த்துக்கொண்டே. "உன் மேல தப்பில்ல. டாக்டரைக் கூப்பிடு."

அண்ணன் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. அண்ணி வாஷ்பேசினுக்குப் போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

கோடு நெருங்கினாலே வீடு என்று எங்கள் காதில் இத்தனை வருஷம் பூ சுற்றியது யார் என்று யோசித்தால் யாரும் இல்லை. மேஜையில் அவள் கோட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவாள். கோடு நெருங்கினாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவார்கள், அது வேறு ஆட்கள் வேலை, அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் முழுவதும் அந்த மேஜையில் கேட்டதுதான். நீர் வெளியே வராவிட்டால் உள்ளே தங்கும் என்பது ஒரு கூரைக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்குப் போய்விட்டால் போதும், உள்ளே என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்திருக்கிறான்.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் முக்கால்வாசி வெளுத்திருந்தது, அத்தனையும் நீர். வேறு இடத்தில் துளை போட்டுப் புதுக் குழாய் வைத்தார்கள். நீர் அங்கங்கே பை பையாகத் தேங்கி, நுரையீரல் மேல் கெட்டியான தோல் படிந்துவிட்டதாம். இனி அது விரியாது. விரியாத நுரையீரலில் பவுடர் போட்டும் பயனில்லை.

"அவன் மடக்கி வெச்சதாலயா இப்படி?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் இருக்கலாம். இந்த நோயில முன்னாலயே இறுகிப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. எதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "மெல்லிசா ஒரு ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்களே வடிச்சுக்கலாம். உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல."

"இதை முதல்லயே செஞ்சிருக்க முடியுமா?" இதையும் நான்தான் கேட்டேன். 

"கேட்டிருந்தா செஞ்சிருப்போம். பவுடர் ஒட்டிடுச்சுன்னா ட்யூபே வேண்டாமேன்னு பாத்தோம். வீட்டுக்கு எப்பன்னு கேட்டார், அதுதான் முக்கியம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லல."

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே" என்றாள். "நான் என்ன ஜெயில்லயா வெச்சிருந்தேன்? கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருந்தா தூக்கிட்டே போயிருப்பேனே." அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, எப்படித் தேற்றுவது என்றும் தெரியவில்லை. உங்ககிட்ட கேக்க எங்க ரெண்டு பேருக்குமே பயம் அண்ணி என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தான். அவன் கேட்டது கிடைத்தது. அண்ணி நீண்ட லீவு போட்டாள். காலையில் வலி மருந்தைக் கொடுத்து, அது பிடிக்கிறவரை காத்திருந்து, கட்டைப் பிரித்து, குழாய் நுழைகிற இடத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, மறுபடி கட்டுவாள். வடிக்கிற நாளில் மெதுவாக வடிப்பாள், அவன் நெஞ்சைப் பிடித்தால் உடனே நிறுத்துவாள். தோள் இறுகாமல் இருக்கக் கையைத் தூக்கி இறக்க வைப்பாள். படுக்க முடியாதபோது முன்னால் மேஜையைப் போட்டு, தலையணை வைத்து, அதன் மேல் சாய்ந்து மூச்சு விட வைப்பாள். அவன் சொன்னதையெல்லாம் செய்தான். குறை சொல்ல இரண்டு பேரிடமும் எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஒரு தடவைகூடக் கையை நீட்டவில்லை. நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

ஒரு மதியம் நான் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"என்னங்க" என்றாள் அண்ணி.

"ம்."

"வார்டுல நான் வந்ததும் தினம் கையைப் பிடிச்சுக்குவீங்களே."

பிளாஸ்திரியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, அண்ணிதான் மறுபடி பேசினாள்.

"அது எனக்காகவா? இல்ல, நான் ட்யூப் பக்கம் வரக் கூடாதுன்னா?"

மிஷின் நின்றுவிட்டால் நான் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊசிக்குக் கீழே துணி தீர்ந்துபோனதுகூடத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சு" என்றான் அண்ணன். மூச்சு வாங்கி, மறுபடி சொன்னான். "உன்னை வேற எப்படி இந்தப் பக்கம் உக்கார வெக்கிறது?"



"சரி" என்றாள் அண்ணி. "கொஞ்சம் முன்னால சாயுங்க. கட்டு மாத்தணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் முன்னால் போய் நின்றேன். "ஏன்டா அண்ணா, ஊரையே ஏமாத்தினியே, அவகிட்ட ஒரு பொய் சொல்லக் கூடாதா? உனக்காகத்தான் பிடிச்சேன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"இன்னொரு பொய்," என்றான், "வேண்டாம்னு பாத்தேன்."

"பொய் வேண்டாம். இப்ப நிஜமாவே பிடியேன். கை இருக்குல்ல."

அவன் தன் கைகளைப் பார்த்தான். மேஜை மேல் தலையணைக்கு இரண்டு பக்கமும் கிடந்தன. மெலிந்து, கணுக்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"இப்ப பிடிச்சா," என்றான். மூச்சு கிடைக்கக் காத்திருந்தான். "நம்புவாளா?"

 குளியலறைக் கதவு திறந்தது, நான் என் மிஷினுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டி நடுவே மூக்கை நுழைக்கிற நாத்தனார் என்று பேர் வாங்க வேண்டாம் என்று ஒதுங்கினேன். வேளை பார்த்து வந்த நல்ல புத்தி.

சில மாதம் என்று டாக்டர் சொன்னது அவ்வளவு நீளவில்லை. மழை பெய்த ஒரு காலை, மேஜை மேல் சாய்ந்தபடியே போய்விட்டான். அண்ணி அவன் முதுகில் உள்ளங்கையை வைத்து மூச்சைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மூச்சு வரவில்லை. அவள் கை அங்கேயே இருந்தது. பிறகு அவனை நிமிர்த்திப் படுக்க வைத்து, குழாயை மூடி, என்னை வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து, அவன் சொன்னதை அவளிடம் சொன்னேன். இப்ப பிடிச்சா நம்புவாளா என்று கேட்டானே, அதை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா சொன்னாரு?" என்றாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நான் நம்பியிருக்க மாட்டேன்தான்" என்றாள்.

லீவு முடிந்து வார்டுக்குத் திரும்பினாள். ஒரு நாள் வழியில் சின்ன நர்ஸைப் பார்த்தேன். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று என்னையே கேட்டாள். தினமும் கூட வேலை செய்கிற நீயே என்னைக் கேட்கிறாயே என்றேன். தயங்கிவிட்டுச் சொன்னாள். முன்பெல்லாம் கட்டிலுக்குப் போனதும் திட்டோ கிண்டலோ ஏதாவது ஒன்றில்தான் ஆரம்பிப்பாளாம். இப்போது பேச்சே இல்லாமல் முதலில் போர்வையை விலக்குகிறாளாம். "பயத்துல சிலபேர் கையைப் பிடிச்சுக்குவாங்கல்ல, அக்கா உடனே கையைக் குடுக்கறதில்ல. ட்யூபை முழுசா பாத்துட்டுத்தான் குடுக்கறாங்க. ஒரு வயசான அம்மா கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. எனக்கே கஷ்டமா போயிடுச்சு." நல்ல நர்ஸ் அப்படித்தானே இருக்கணும் என்று அவளைச் சமாளித்து அனுப்பினேன்.

போன வாரம் காலையில் அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் மிஷின் முன்னால், மடியில் யாருடைய பேன்ட்டோ. எந்தக் காரணமும் இல்லை, திடீரென்று என் அண்ணன் இல்லை என்பது உறைத்தது. அவன் போனதற்கு நான் சரியாக அழவே இல்லை. அன்றைக்கு எனக்கு அழுகை நிற்கவில்லை. அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. அவள் கண் என் மடிக்குப் போயிற்று. துணிக்குக் கீழே இருந்த என் இன்னொரு கையில் போய் நின்றது. அவள் வேண்டுமென்று பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். நான் அந்தக் கையைத் துணிக்குள்ளிருந்து எடுத்து, விரித்துக் காட்டினேன். துணியில் கோடு போடுகிற சாக்கட்டி மட்டும்தான் இருந்தது. அதன் பிறகுதான் அவள் என் கையைப் பிடித்தாள்.